அப்பா நேர்ந்துவிட்ட முடி

குற்றாலத்திலேயே அதிகம் பளபளத்த மண்டைக்குச் சொந்தக்காரரும், என் முதல் கூட்டுக்களவாணியுமான அப்பாவுக்கு,

சாரல் தொடங்கிவிட்டது. ஐந்தருவிப் பாதையில் கார் நகரவில்லை. புளியறை தாண்டி வருகிற மலையாளத்துக்காரர்கள் வண்டியை ஓரம்கட்டி, "கரிக்கு உண்டோ" என்று இளநீர் கேட்கிறார்கள். உங்கள் கடையில் இப்போது அரிவாள் பிடிப்பது அம்மா. நீங்கள் மூன்று வெட்டில் திறப்பீர்கள். அம்மாவுக்கு இரண்டு போதும். என்மேல் கோபமாக இருக்கிற நாளில் ஒன்று.

ஆனால் உங்கள் ஜோக் இல்லாமல் கடை கொஞ்சம் மொட்டையாகத்தான் இருக்கிறது. "நல்ல வழுக்கையா ஒண்ணு குடுங்கண்ணே" என்று யாராவது கேட்டால், அரிவாளைக் கீழே வைத்துவிட்டு உங்கள் தலையை ஒரு தடவு தடவி, "இந்தப் பதம் போதுமா?" என்பீர்களே. அம்மாவுக்கு இடுப்பு வரை கூந்தல். அவள் எப்படி அந்த ஜோக்கைச் சொல்ல முடியும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் என் தலையில் ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு, அவிழ்க்கிற வழியைச் சொல்லாமல் போய்விட்டீர்கள். அது அவிழ்ந்த கதையைத்தான் எழுதுகிறேன். பொதுவில் எழுதுகிறேன். பக்கத்துக் கடை அண்ணாச்சி ஒட்டுக்கேட்கிறார் என்று தெரிந்தால் நீங்களும் சத்தத்தைக் கூட்டித்தானே பேசுவீர்கள்?

ஒட்டுக்கேட்பவர்களுக்காக முதலிலிருந்து. நீங்கள் எனக்கு வைத்த பெயர் இசக்கிமுத்து. பள்ளிச் சான்றிதழில் நான் ஆண். ப்ளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு, அருவியில் தண்ணீர் நூலாக வடிந்துகொண்டிருந்த ஒரு மதியம், ஆளில்லாத கடையில் உங்கள் எதிரே உட்கார்ந்து, "அப்பா, நான் பையன் இல்லப்பா, பொம்பளப்பிள்ள" என்று சொன்னேன். நான் ஏதோ விளையாட்டுக் காட்டுகிறேன் என்று நினைத்து, சிரிக்கத் தயாராகக் காத்திருந்தீர்கள். சிரிக்கிற இடம் வரவேயில்லை. என் முகத்தைப் பார்த்தீர்கள். ஒரு இளநீரை எடுத்தீர்கள், வெட்டாமல் திரும்ப வைத்தீர்கள்.

பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். "அப்ப முடி வளக்கணுமோ?"

ஆமாம் என்றேன். உங்கள் மண்டையைத் தடவிக்கொண்டீர்கள். "அதுல எனக்கு அனுபவம் பத்தாதேலே."

நான் அழுதுகொண்டே சிரித்தது அன்றைக்குத்தான். பையன்களைக் கூப்பிடுகிற அந்த 'லே' கடைசிவரை உங்கள் வாயைவிட்டுப் போகவில்லை. அது உறுத்தவேயில்லை என்று சொன்னால் பொய். ஆனால் தலைக்கு எண்ணெய் காய்ச்சி, சூடு ஆறும்வரை விசிறி, என் கையில் கொடுத்ததும் நீங்கள்தான். வாய் பழையபடி இருந்தது, கை மாறிவிட்டது. எதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்?

முடி காதை மூடியபோது வாசுதேவநல்லூர் அத்தை வந்தாள். உங்கள் அக்கா. வரும்போதெல்லாம் தன் தோட்டத்து எலுமிச்சம்பழம் ஒரு பை நிறையக் கொண்டுவருகிறவள். கோவிலில் மணி அடிக்காவிட்டால் அத்தையைப் பேசவிட்டால் போதும், அப்படி ஒரு குரல். என்னைப் பார்த்ததும் பையைக்கூட இறக்கவில்லை. என்ன கோலம் இது, பொட்டப்பிள்ளை மாதிரி, இன்றைக்கே இவனைச் சலூன் நாற்காலியில் உட்கார வை என்று ஆரம்பித்தாள்.

நீங்கள் தலையைத் தூக்கவேயில்லை. காயைச் சீவிக்கொண்டே சொன்னீர்கள்: "நேர்ச்சை முடிக்கா. இலஞ்சி முருகனுக்கு நேர்ந்துருக்கேன். கை வைக்கப்படாது."

அவ்வளவுதான். அத்தை இலஞ்சி இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு என் தலையைப் பார்த்தும் கும்பிட்டாள். நான் அடுக்களைக்குள் ஓடி, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். நேர்ந்துவிட்ட ஆடு கேள்விப்பட்டிருக்கிறேன். நேர்ந்துவிட்ட தலையை அன்றைக்குத்தான் பார்த்தேன், அதுவும் கண்ணாடியில்.

அன்றிலிருந்து என் தலையில் முடியாட்சி. கல்லூரியில் முடி வெட்டச் சொன்ன சார், நேர்ச்சை என்றதும் நெற்றியைத் தொட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டார். பஸ்ஸில் எவனாவது பின்னாலிருந்து இழுத்தால், "சாமி முடிண்ணே, கை வீங்கிரும்" என்பேன். கன்னத்தில் போட்டுக்கொள்வான். அத்தை வரும்போதெல்லாம் சாமி சொத்தில் பொடுகு வரக்கூடாது என்று எலுமிச்சையைப் பிழிந்து, என்னைக் குனியவைத்துத் தேய்த்துவிட்டாள். கண்ணில் எரியும். நீங்கள் கடையிலிருந்தபடி என்னைப் பார்த்துக் கண்ணடிப்பீர்கள்.

அப்புறம் நீங்கள் போய்விட்டீர்கள். போன சீசனுக்கு முந்தி, காய் இறக்க வண்டி வந்த காலையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். உங்களுக்கே தெரியும்.

ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். கொள்ளி வைக்கிற பிள்ளை மொட்டை போட வேண்டும். கத்தியோடு ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார். ஈர வேட்டியோடு என்னைப் பிடித்து உட்காரவைத்தார்கள். எனக்கு எதுவும் ஓடவில்லை. அப்போது அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, என் தலையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். "சாமிக்குச் சொன்ன முடிய சாவுக்கு எடுக்கப்படாது" என்றாள். பெரியவர்கள் முறைத்தார்கள். அத்தையின் குரலுக்கு மேல் யார் பேசுவது? சித்தப்பா எனக்குப் பதிலாக மொட்டை போட்டுக்கொண்டார்.

ஆக, உங்கள் பொய் உங்கள் சாவிலும் எனக்குக் காவல் நின்றது அப்பா. கூந்தலை முடிந்துகொண்டு உங்களுக்குக் கொள்ளி வைத்தவள் நான். இது நியாயமா என்று அன்றைக்கு யோசிக்கத் தோன்றவில்லை. இன்றைக்கும் முழுதாக விடை தெரியவில்லை.

இனி அழகு விஷயம். என்னோடு பள்ளியில் படித்த ஸ்டெல்லா நினைவிருக்கிறதா? ஒரு இளநீரை இரண்டு ஸ்ட்ரா போட்டுக் கேட்பாளே. அவள் இப்போது தென்காசியில் ஒரு பார்லரில் வேலை பார்க்கிறாள். கூட்டம் இல்லாத நேரத்தில் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, எனக்கு எது எடுக்கும் என்று ஆராய்ச்சி செய்வாள். அவளுடைய வேதவாக்கு, மூஞ்சிக்குத் தக்கன முடி என்பது. பிரச்சினை என்னவென்றால் என் மூஞ்சி உங்கள் மூஞ்சி.

உங்கள் சொத்தில் எனக்குச் சேர்ந்தது அந்த நெற்றி. ஹெலிகாப்டர் இறங்கலாம். அதன் கீழே உங்கள் தாடை, இரண்டு பக்கமும் உங்கள் காது. நடுவகிடு எடுத்தால் இரண்டு வயலுக்கு நடுவில் வரப்பு மாதிரி இருந்தது. தூக்கிக் கொண்டை போட்டால் கண்ணாடியில் நீங்கள் தெரிந்தீர்கள், மீசை மட்டும் இல்லை. நெற்றியை முழுக்க மறைத்து முன்னால் தொங்கவிட்டுப் பார்த்தாள். கூரையைத் தாழ்வாக வேய்ந்த வீடு போல இருக்கிறது, உள்ளே யார் இருக்கிறார் என்றே தெரியவில்லை என்று அவளே கலைத்துவிட்டாள்.

கடைசியில் ஒன்று பிடிபட்டது. வகிடு பக்கவாட்டில். தாடைக்குக் கீழிருந்து அடுக்கடுக்காகக் கத்தரித்து இறக்க வேண்டும். காதோரம் ஒரு கற்றை தானாக விழுந்ததுபோல விழ வேண்டும். கையால் பிடித்துக் காட்டினாள். அப்பா, அந்த நிமிஷம் கண்ணாடியில் இருந்தவளை எனக்குத் தெரியும். எப்போதிலிருந்தோ தெரியும்.

"வெட்டிருவமா?" என்று கத்தரியை எடுத்தாள் ஸ்டெல்லா.

வெட்ட முடியாதே. நேர்ச்சை முடியில் நுனி கூடக் கத்தரிக்கக் கூடாது. அத்தைக்கு என் முடியின் நீளம் அவள் தோட்டத்து மரங்களைப் போல அத்துப்படி. இரண்டு வருஷமாகக் கத்தரி படாமல் நுனியெல்லாம் தேங்காய் நார் ஆகிவிட்டது. என் தலையைக் காப்பாற்ற நீங்கள் முருகன் பெயரைச் சொன்னீர்கள், இப்போது அது முருகன் தலை. ஸ்டெல்லா கையை எடுத்ததும் கண்ணாடியில் இருந்தவள் கலைந்துபோனாள்.

அதோடு விட்டால் பரவாயில்லை. உங்கள் முதல் வருஷத் திவசம் முடிந்து இலையை எடுத்ததுமே அத்தை ஆரம்பித்துவிட்டாள். வீட்டில் துக்கம் இருந்த வருஷத்தில் நேர்ச்சை தீர்க்கக் கூடாதென்று பொறுத்திருந்தாளாம். இனி முடியிறக்கிவிட வேண்டுமாம், அடுத்த வெள்ளிக்கிழமை, இலஞ்சியில். நான் ஏதேதோ சாக்குச் சொன்னேன். அத்தையின் கண் கலங்கிவிட்டது. "எந்தம்பி வாய்விட்டுச் சொன்னது. அத நிறைவேத்தாம விட்டா அவன் எங்கன போயி நிம்மதியா இருப்பான்?"

இத்தனை வருஷத்தில் எவ்வளவு பேரை ஏமாற்றியிருக்கிறேன். உங்கள் செருப்பை ஒளித்துவைத்திருக்கிறேன், அண்ணாச்சியின் கல்லாப்பெட்டிக்குள் ஓணானை விட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட யாரும் அழுததில்லை. மொட்டை போட்டால் முடி மறுபடி வளரும், தெரியும். ஆனால் அந்த முகம் மறுபடி கண்ணாடிக்கு வர இன்னும் எத்தனை சீசன்? கல்லூரியில் நான் மறுபடி அவன்தான். இந்த இரண்டு வருஷமும் விளையாட்டுத்தான் என்று ஆகிவிடும்.

என் குணம் உங்களுக்குத் தெரியுமே. ஒரு திருட்டுத் திட்டம் போட்டேன். ஸ்டெல்லா மேக்கப் படித்தபோது நாடக வேஷத்துக்கென்று வாங்கிய ரப்பர் மொட்டைத் தொப்பி ஒன்று அவளிடம் இருந்தது. திருச்செந்தூரில் நண்பர்களோடு போய் முடியிறக்கியாயிற்று, எங்கே இருந்தாலும் முருகன் முருகன்தானே என்று அத்தையிடம் சொல்லிவிடலாம். கூந்தலைச் சுருட்டி உள்ளே திணித்து, தொப்பியை இழுத்துவிட்டு, மேலே சந்தனத்தைப் பூசினேன். மகா திருப்தி. கண்ணாடியைப் பார்த்தேன்.

நீங்கள் நின்றீர்கள்.

கடையிலிருந்து அம்மா அப்போதுதான் உள்ளே வந்தாள். கத்தவில்லை. அரிவாளைச் சுவரோரம் சாய்த்தாள். மெதுவாகக் கிட்டே வந்து, வெயிலில் வேர்த்து வருகிற உங்கள் மண்டையைத் துடைத்துவிடுவாளே, அதே மாதிரி முந்தானையால் அந்த ரப்பரை ஒரு தடவை துடைத்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"கழட்டு" என்றாள்.

கழற்றினேன். உள்ளேயிருந்து கூந்தல் சரிந்து தோளில் விழுந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு வருஷமாக என் விஷயத்தில் ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை சொல்லாதவள் அன்றைக்குத்தான் பேசினாள்.

"உன்னைய இருக்கவிடணும்னு அவுக ஒரு பொய் சொன்னாக. அதுக்கு மேல நீ ஒண்ணு சொல்லாத. போயி அத்தைட்ட நெசத்தச் சொல்லு."

"அத்தை அடிச்சா?"

"அடிச்சா வாங்கிக்க."

வெள்ளிக்கிழமை இலஞ்சிக்குப் போனோம். அம்மா கடையைப் பூட்டிவிட்டு வந்தாள், சீசன் நேரத்தில். அத்தை எங்களுக்கு முன்பே வந்து, தேங்காய், பழம், பூ, சந்தனக் கிண்ணம் எல்லாம் கூடையில் அடுக்கி, முடியெடுப்பவரிடம் நல்ல புது பிளேடாகப் போடச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன். மனப்பாடம் செய்த பேச்சு எல்லாம் போய்விட்டது.

"அத்தை, இது நேர்ச்சை முடியில்ல. அப்பா உங்ககிட்ட பொய் சொன்னாரு."

"எதுக்கு?"

"நான் முடி வளக்கதுக்கு. நான் பொம்பளப்பிள்ள அத்தை. அப்பாவுக்குத் தெரியும்."

அத்தை கூடையில் இருந்த பழத்தைத் தேங்காய்க்கு இந்தப் பக்கம் வைத்தாள். பிறகு அந்தப் பக்கம் வைத்தாள். அடித்திருந்தால் தேவலை.

"எல்லாத்தையும் எங்கிட்ட சொல்லுவான்" என்றாள் கடைசியில், என்னிடம் இல்லை, கூடையிடம். "இத மட்டும் சொல்லல பாரு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு வருசமா அந்த மயித்தப் பாத்து நான் கும்பிட்டுருக்கேன்."

நான் சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்துவிட்டேன். அம்மா என்னைக் கிள்ளினாள்.

அத்தை என்னைப் பார்த்தாள். தலையை அல்ல, என்னை. பிறகு கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "பொய்யோ நெசமோ, சாமி பேரச் சொல்லியாச்சு. முருகன் காதுல விழுந்துருக்கும். குடுக்கத்தான் செய்யணும்." சொல்லிவிட்டு முடியெடுக்கிற இடத்தைப் பார்த்து நடந்தாள்.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். ஓடிவிடலாமா என்று பார்த்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். போய் மணையில் உட்கார்ந்தேன். ஈரக் கையால் தலையை நனைத்தார் முடியெடுப்பவர். தண்ணீர் காதுக்குப் பின்னால் வழிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். பிளேடு உறை பிரிகிற சத்தம் கேட்டது.

"அத வைங்க" என்றாள் அத்தை. "கத்தரி எடுங்க. பூமுடி போதும்."

கண்ணைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்தார், என் பேண்ட் சட்டையைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். "ஆச்சி, பூமுடி பொம்பளையாளுகளுக்குல்லா எடுப்பாக. பயலுக்கு மொட்டைதான்."

"தெரியும்யா. அதனாலதான் சொல்லுதேன்."

அவர் பிளேடை வைத்துவிட்டுக் கத்தரியை எடுத்தார். நுனியில் மூன்று இடத்தில் கத்தரித்தார். தேங்காய் நாராகக் கிடந்த அந்த நுனி அத்தையின் கையில் இருந்த வெற்றிலைமேல் விழுந்தது. பெண்கள் காலங்காலமாகக் கொடுக்கிற அதே அளவு, அதே மூன்று கத்தரி. நான் குலுங்கிக் குலுங்கி அழுதிருக்கிறேன் போல, கத்தரி தடுமாறியது.

"ஏட்டி, அசையாம இரு" என்றாள் அத்தை.

சன்னதியில் நின்றபோது உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று தோன்றியது. நேர்ச்சை என்று நீங்கள் சொன்னபோது உண்மையிலேயே வெறும் பொய்யாகத்தான் சொன்னீர்களா? இல்லை, உள்ளுக்குள் ஏதாவது வேண்டிக்கொண்டீர்களா? காயைச் சீவும்போது உங்கள் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை.

மறுநாள் பார்லருக்குப் போனேன். மூன்று இடத்தில் கடித்துக் குதறினாற்போல் இருந்த நுனியைப் பார்த்து ஸ்டெல்லா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். எந்தப் பார்லரில் போய் மாட்டினாய் என்று கேட்டாள். முருகன் பார்லர், அங்கே அப்பாயின்ட்மெண்ட் கிடைக்க இரண்டு வருஷம் ஆகும் என்றேன். அடுக்கடுக்காக இறக்கினாள். வகிட்டைப் பக்கவாட்டில் மாற்றினாள். காதோரக் கற்றை தானாக விழுந்தது, அதைத் தானாக விழவைக்க அரைமணி நேரம் பிடித்தது. நெற்றியை மறைக்க முன்னால் இன்னும் கொஞ்சம் வெட்டட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அந்த மூலையில் கொஞ்சம் நெற்றி தெரியட்டும். அது வாடகைக்கு விட்ட இடமில்லை, உங்கள் பட்டா நிலம்.

கடைக்குத் திரும்பி வந்து அம்மா முன்னால் ஒரு சுற்றுச் சுற்றினேன். அரிவாளோடு நின்று பார்த்தாள். "அவுக நெத்தி" என்றாள். பிறகு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அடுத்த காயை ஒரே வெட்டில் திறந்து என் கையில் கொடுத்தாள். கோபம் இல்லாமலும் ஒரு வெட்டு உண்டென்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சித்தப்பா இன்னும் பேசவில்லை. அண்ணாச்சி என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் இருமுகிறார். பெயரில் முத்தைக் கழற்றிவைத்துவிட்டு, வெறும் இசக்கி ஆகிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். இருமலோடு அதையும் சேர்த்துப் பழகிக்கொள்வார். எங்கே போவது? இளநீர் இங்கேதானே.

நாளை அத்தை எலுமிச்சம்பழத்தோடு வருகிறாள். ஐந்தருவிக்குப் போகிறோம். சின்ன வயதில் நீங்கள் என் கையைப் பிடித்து ஆண்கள் பக்கம் இழுத்துக்கொண்டு போவீர்கள். நான் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கிற அம்மாவைப் பார்த்துக்கொண்டே நனைவேன். நாளைக்கு நான் அந்தப் பக்கம் நிற்கப் போகிறேன். எவளாவது ஏதாவது கேட்டால் தான் பார்த்துக்கொள்வதாக அத்தை சொல்லியிருக்கிறாள். அருவி இரைச்சலை மீறிக் கேட்கிற குரல் இந்த மாவட்டத்தில் அது ஒன்றுதானே.

தண்ணீர் விழுந்தால் ஸ்டெல்லாவின் அரைமணி நேர உழைப்பு ஒரு நொடியில் போய்விடும். வகிடு, அடுக்கு, கற்றை எல்லாம் தலையோடு ஒட்டிக்கொண்டு, உங்கள் நெற்றி முழுசாக வெளியே வரும். வரட்டும். பெண்கள் பக்கத்தில் நின்று, அத்தனை பேர் முன்னாலும், உங்களைப் போலவே ஒரு தடவு தடவிக்கொள்வேன். நீங்கள் நேர்ந்த மாதிரி இல்லை அப்பா, இதை நான் செய்தே தீருவேன்.

உங்கள் நெற்றியோடும் தன் கூந்தலோடும்,
உங்கள் மகள்
இசக்கி